முப்பது பவுண்டு காற்று

நடந்தது இது:

1. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் கல்லூரி விமானத்தின் இடது டயரில் முப்பது பவுண்டு காற்று இருந்தது. நானே அளந்து பதிவேட்டில் எழுதினேன்.
2. அன்று மதியம் செய்முறை வகுப்பில் நாற்பத்திரண்டு மாணவர்கள் அதே டயரை ஒருவர் பின் ஒருவராக அளந்தார்கள்.
3. நாற்பத்தொரு பேர் நோட்டில் முப்பது என்று எழுதினார்கள். ஒருத்தி பதினொன்று என்று எழுதினாள்.
4. பதினொன்றை அடித்துவிட்டு முப்பது என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.
5. மாலை ஐந்து மணிக்கு விமானம் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது.
6. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது.

நான்காவதைத் தவிர மற்ற ஐந்தையும் யாரிடம் சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை.

கல்லூரி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது. நான் சென்னையில் விமானப் பராமரிப்புப் படித்து முடித்து, 2009இல் அங்கே ஆய்வகப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். ஆய்வகம் என்பது ஒரு தகர ஷெட். அதற்குள் ஒரு விமானம். வயதாகிப் பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் அது. இறக்கைகளைக் கழற்றி லாரியில் கொண்டுவந்து, இங்கே மறுபடி மாட்டியிருந்தார்கள். பறக்காது, பறக்க அனுமதியும் கிடையாது. எஞ்சின் ஓடும். ஷெட்டுக்கு வெளியே இருநூறு மீட்டர் சிமெண்ட் தளத்தில் உருளும். அறுவடை நாட்களில் அந்தத் தளத்தில் ஊர்க்காரர்கள் நெல் காயப்போடுவார்கள். அப்போது உருளாது.

எங்கள் வீட்டில் என் வேலையைப் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன. அப்பா அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்தார். மஞ்சக்குப்பத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் கிளம்புவோம். நான் பாதி வழியில் இறங்கிக்கொள்வேன். "படிச்ச படிப்புக்கு வேல. போதும்" என்பது அவர் கருத்து. அம்மா அக்கம்பக்கத்தில் "பொண்ணு ஏரோப்ளேன்ல வேல பாக்குது" என்று சொல்லிவைத்திருந்தாள். எதிர்வீட்டு அத்தை ஒருநாள், சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்க டிக்கெட்டில் ஏதாவது சலுகை கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். நான் டயருக்குக் காற்றுப் பார்க்கிறேன், அத்தை என்றேன். அவர் போனபிறகு அம்மா, "அதெல்லாம் வெளிய சொல்லணுமா?" என்று கேட்டாள்.

ஆனால் என் வேலையில் பெரும்பகுதி அதுதான். நிற்கிற விமானத்தில் எஞ்சின் கெடுவதற்கு முன்னால் டயர்தான் கெடும். பின்னால் இருக்கும் இரண்டு பெரிய டயருக்கும் முப்பது பவுண்டு, முன்னால் இருக்கும் சின்ன டயருக்கு இருபத்தாறு. அதற்குக் குறைந்தால் டயர் தரையில் பரந்து உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்தில் தட்டையாகிவிடும். அப்படியே தள்ளினால் டயர் ரிம்மில் வழுக்கும். உள்ளே ட்யூபின் வால்வு வேரோடு கிழிந்துவிடும். வழுக்கியதா இல்லையா என்று பார்க்க, டயருக்கும் ரிம்முக்கும் குறுக்கே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருப்போம். கோடு நேராக இருந்தால் நல்லது. இரண்டாக உடைந்திருந்தால் டயரைக் கழற்ற வேண்டும்.

இடது டயருக்கும் வலது டயருக்கும் நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வியாதி இருந்தது. வாரத்துக்கு மூன்று பவுண்டு இறங்கிவிடும். பல மாதங்கள் அதற்கு வைத்தியம் பார்த்தேன்.

முதலில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. வால்வு ஊசியை மாற்றினேன். வால்வு மூடியை மாற்றினேன். ட்யூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தேன். கடல் காற்றின் உப்பு ரப்பரைத் தின்கிறது என்று ஒரு மாதம் நம்பினேன். யாரோ வேண்டுமென்றே இறக்குகிறார்கள் என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டு, மூடியின் மேல் நகப்பாலிஷால் அடையாளம் வைத்தேன். அடையாளம் கலையவேயில்லை. அதனால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, காலை, மதியம், மாலை என்று தினம் மூன்று வேளையும் அளக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமைகளில் காலால் மிதிக்கும் பம்பில் மூன்று பவுண்டு ஏற்றிவிடுவேன்.

இந்த வியாதியைப் பற்றிக் கல்லூரி பஸ் டிரைவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. இருபது வருடம் பெரிய வண்டி ஓட்டியவர். டயருக்கு அவர் கேஜ் வைத்துப் பார்க்க மாட்டார். இரும்பு ராடால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்பார். எங்கள் விமானத்தை முதல்முறை தட்டிவிட்டு முகம் சுளித்தார்.

"என்னா மேடம் இது, தலவாணி மாதிரி சத்தம் வருது. எவ்ளோ வெச்சிருக்கீங்க?"

"முப்பது பவுண்டு அண்ணா."

"முப்பதா! என் பஸ்ஸுக்கு நூறு. தரையில ஓடுற வண்டிக்கே நூறுன்னா, வானத்துலேருந்து தொப்புனு வந்து எறங்குற வண்டிக்கு முப்பதா? நாயமா இருக்குதா?"

"பஸ் பத்து டன் அண்ணா. இது அரை டன்."

"அரை டன்னுதான். எவ்ளோ ஒசரத்துலேருந்து வருது?"

எங்களுடையது எந்த உயரத்திலிருந்தும் வருவதில்லை என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆயுத பூஜை அன்று அவருக்கு இன்னொரு ஆதாரமும் கிடைத்தது. கல்லூரி வண்டிகளோடு சேர்த்து விமானத்துக்கும் பொட்டு வைத்து, மூன்று சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். என் சிவப்புக் கோட்டை யாரோ குங்குமம் என்று நினைத்துக்கொண்டு, அதே மாதிரி டயரைச் சுற்றிலும் எட்டுக் கோடுகள் இழுத்துவிட்டார்கள். பிறகு மாணவர்கள் தள்ளினார்கள். பஸ்ஸின் பழங்கள் சட்டென்று நசுங்கின. விமானத்தின் முன்சக்கரத்துப் பழம் நசுங்காமல் நழுவி உருண்டு, கும்பிட்டுக்கொண்டிருந்த முதல்வரின் செருப்பில் போய் நின்றது.

"பழம் நசுங்கலன்னா காத்து கம்மின்னு அர்த்தம்" என்றார் டிரைவர். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அவருடைய மனைவியின் தம்பி. அவர், "மாமா சொன்னா கரெக்டா இருக்கும் மேடம்" என்றார். எது என் கோடு, எது குங்குமம் என்று பிரித்துக் கழுவ எனக்கு அரை நாள் பிடித்தது.

இனி ஆய்வுக் குழு. அடுத்த ஆண்டும் எங்கள் துறையில் மாணவர்களைச் சேர்க்கலாமா என்று பார்க்க அவர்கள் வருகிறார்கள். விமானம் தன் சக்கரத்தில் ஷெட்டிலிருந்து வெளியே உருண்டு வர வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும். கல்லூரித் தாளாளர் எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலே சொன்னார்: "பிளேன் உருண்டா டிபார்ட்மெண்ட் இருக்கும். உருளலன்னா பசங்கள மெக்கானிக்கல்ல சேத்துடறேன்." மெக்கானிக்கலில் மாணவர்களுக்கு இடம் இருந்தது. ஆய்வகப் பொறுப்பாளருக்கு இல்லை; அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். என் வேலை உத்தரவு ஒரு வருடத்துக்குத்தான். துறை இல்லையென்றால் புது உத்தரவும் இல்லை.

ஆகவே அந்த வாரம் சனிக்கிழமைவரை காத்திராமல் வெள்ளிக்கிழமை காலையிலேயே பின் டயர் இரண்டையும் முப்பதுக்கு ஏற்றிவைத்தேன். மதியம் செய்முறை வகுப்பை ஒழுங்காக நடத்தி, நோட்டுகளைச் சீராக வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சோதனையின் பெயர், டயர் காற்றழுத்தம் அளத்தல். ஆரம்பிக்கும் முன்பே முன்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்:

"மேடம், ஆன்ஸர் என்னா வரணும்?"

இது எங்கள் பக்கத்து ஆய்வகங்களில் எல்லாரும் கேட்கிற கேள்வி. நானும் படிக்கும்போது கேட்டிருக்கிறேன். முப்பது என்று சொன்னேன். சொல்லாவிட்டாலும் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டில் முப்பது இருந்தது. அது கை மாறிக்கொண்டேயிருந்தது. பிறகு நான் ஷெட் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையாக வந்த நோட்டுகளில் கையெழுத்துப் போட்டேன். விமானம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முப்பது, முப்பது, முப்பது என்று பார்த்துக்கொண்டே வந்த கண்ணுக்குப் பதினொன்று ஒரு எழுத்துப் பிழையாகத்தான் பட்டது.

எழுதியவள் வருகைப் பதிவில் கடைசிப் பெயர். திருவதிகைப் பக்கத்திலிருந்து வருகிற பெண். அதிகம் பேச மாட்டாள்.

"பதினொண்ணுதான் மேடம் காட்டுச்சு."

"கேஜை நேரா அழுத்தியிருக்க மாட்ட. முப்பதுன்னு மாத்து."

என் முகத்தைப் பார்த்தாள். மாற்றினாள். நோட்டை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மாலை ஐந்துக்கு ஷெட்டைப் பூட்டப் போனபோது விமானத்தைப் பார்த்தேன். ஜன்னலோரம் தூங்கிவிட்ட பயணி மாதிரி இடது பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தது. டயரின் அடிப்பகுதி தோசை மாவு போலத் தரையில் பரவியிருந்தது. கேஜை வைத்தேன். பத்தரை.

பம்பை எடுத்து மிதித்தேன். வாரம் மூன்று பவுண்டுக்குப் பழகிய பம்ப் அது. இருபது மிதி தாங்கியது. பிறகு உள்ளே இருந்த வாஷர் கிழிந்து, என் காலுக்குக் கீழே பெருமூச்சு விட்டு நின்றது.

செக்யூரிட்டி ஓடி வந்தார். "தள்ளி அந்தாண்ட செவுத்துல சாய்ச்சி நிறுத்திடலாம் மேடம்" என்றார். நான் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். தள்ளினால் வால்வு போய்விடும். இந்த அளவு ட்யூப் கடலூரிலும் கிடைக்காது, சிதம்பரத்திலும் கிடைக்காது. குனிந்து சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். நேராக இருந்தது. அன்று மாலை நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

முதல்வர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், எதைப் பார்த்தாலும் முதலில் மறைக்க முடியுமா என்று யோசிப்பார்.

"அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி ரெண்டு பூந்தொட்டி வெச்சா தெரியாதில்லம்மா?"

"உருட்டணும் சார்."

"உருட்டும்போது எடுத்துடலாம்."

"எடுத்தா தெரியும் சார்."

சிறிது நேரம் யோசித்தார். "எதுக்கும் தொட்டி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை காலையில் ஷெட்டைச் சுற்றிப் பதினாறு குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன.

சனிக்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து நோட்டையும் கையில் கொண்டுவந்திருந்தாள்.

"நேத்து உனக்கு நெஜமாவே பதினொண்ணா காட்டுச்சு?"

"ஆமா மேடம். எங்கண்ணன் டிராக்டர் வெச்சிருக்குது. அதுக்கு நான்தான் காத்து பாப்பேன். எனக்கு கேஜ் பாக்கத் தெரியும்."

"உனக்கு முன்னாடி நின்னவனுக்கு எவ்ளோ காட்டுச்சு?"

"அவன் எங்க மேடம் பாத்தான்? வெச்சான், புஸ்ஸுன்னுச்சு, எடுத்தான், முப்பதுன்னு எழுதுனான். எல்லாருமே அப்படித்தான். நாப்பத்தோரு புஸ்ஸு. நான் வரிசையில நின்னு எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "மேடம், அந்த புஸ்ஸெல்லாம் டயர்லேருந்துதானே போவுது?"

அவளையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வலது டயரில் கேஜை வைத்தேன். முப்பது. எடுத்து மறுபடி வைத்தேன். பத்து முறை, கையைச் சாய்க்காமல், என்னால் முடிந்த அளவு ஒழுங்காக அளந்தேன். பத்தாவது முறை இருபத்தெட்டரை.

பழகிய கைக்கே பத்து முறையில் ஒன்றரை. பழகாத கை சாய்த்து அழுத்தினால் ஒவ்வொரு முறையும் அரைப் பவுண்டு போகும். நாற்பத்தொன்றை அரையால் பெருக்கினேன். இருபதரை. முப்பதில் இருபதரை போனால் ஒன்பதரை. அவளுக்குக் காட்டியது பதினொன்று. மூன்று பேராவது கேஜை நேராக அழுத்தியிருக்கிறார்கள் என்பது அந்த வகுப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த நல்ல செய்தி.

பிறகு, வேண்டாம் என்று தோன்றியும், என் பதிவேட்டை எடுத்தேன். தினம் மூன்று முறை. வாரத்துக்கு ஆறு நாள். பதினெட்டு முறை. பத்துக்கு ஒன்றரை என்றால் பதினெட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் எதிரே என் கையெழுத்தில், அழகான எழுத்தில், "3 பவுண்டு ஏற்றப்பட்டது" என்று இருந்தது. முன்பக்கங்களைப் புரட்டினேன். எனக்கு முன்னால் இருந்தவரும் தினம் மூன்று முறைதான் அளந்திருக்கிறார். பதிவேட்டிலேயே மூன்று கட்டங்கள் அச்சடித்திருந்தார்கள்.

உப்புக் காற்றையும் ஊசியையும் மூடியையும் ஒவ்வொன்றாக விடுவித்தேன்.

அந்தப் பெண் என் தோளுக்கு மேலாகப் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். "நீங்களும் புஸ்ஸு விட்டிருக்கீங்க மேடம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவரை வரச்சொன்னேன். பஸ்ஸில் பிரேக்குக்கென்று காற்று அடைத்த டேங்க் உண்டு. அதில் ஹோஸ் மாட்டி டயருக்கு ஏற்றலாம். அவருக்கு இதைவிடச் சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை அமைந்திருக்காது. குரோட்டன்ஸ் தொட்டிகளில் இரண்டை உடைத்துக்கொண்டு பஸ்ஸை ஷெட் வாசல்வரை பின்னால் எடுத்தார்.

"மச்சான், பின்னாடி பாத்து சொல்றா!"

"வா மாமா, வா, வா... உடைச்சிட்ட மாமா."

"ஒடைக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்டா. அதுக்குதான நிக்கிற?"

வலது டயரை நானே பார்த்து முப்பதுக்கு ஏற்றினேன். இடது டயருக்கு அவர் ஹோஸை வாங்கிக்கொண்டார். மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொன்னேன். மெதுவாக விடணும். பத்து எண்ணினதும் நிறுத்தணும். நான் அளக்கணும். அவர் மூன்றுக்கும் தலையாட்டினார். அதற்குள் முன்சக்கரத்தில் மூடியைக் காணோம் என்று செக்யூரிட்டி கூப்பிட்டார். போய்க் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து டங்கென்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டிரைவர் ராடால் தட்டியிருந்தார்.

"இப்ப கேளுங்க மேடம். இதான் டயரு!"

விமானம் இப்போது வலது பக்கம் சாய்ந்திருந்தது. கேஜை வைத்தேன். எழுபது. எல்லாரையும் பின்னால் போகச்சொல்லிவிட்டு வால்வு ஊசியை அழுத்திப் பிடித்தேன். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. டிரைவர் தள்ளி நின்று, யாரோ பாலைத் தரையில் கொட்டுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நல்ல காத்து மேடம் அது" என்றார்.

"தெரியும் அண்ணா."

"கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தா என்னா? நாளைக்கு அவுங்க வந்து தட்டிப் பாத்தா நம்ம மானம் போவாதா?"

"அவங்க தட்ட மாட்டாங்க. அளப்பாங்க."

"மாமா தட்டுனாலே கரெக்டா சொல்லுவாரு மேடம்" என்றார் செக்யூரிட்டி.

"டேய், நீ மூடியத் தேடு" என்றார் டிரைவர். அவர் மனது கொஞ்சம் உடைந்திருந்தது. முப்பதில் நிறுத்தி, மூடியைத் திருகி, கேஜை என் டிபன் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமைவரை யாரும் அளக்கக்கூடாது, நான் உள்பட, என்று ஷெட் கதவில் எழுதி ஒட்டினேன்.

அன்று மாலை வீட்டில் வேறொரு பிரச்சினை. அம்மா திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். விமானம் உருண்டால் முடி காணிக்கை செலுத்துவதாக வேண்டிக்கொண்டாளாம். யாருடைய முடி என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். ஐம்பத்தாறு வயதிலும் நரைக்காத, எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"என் தலைக்கும் அவ டயருக்கும் என்னாடி சம்மந்தம்?"

"பொண்ணுக்கு வேல போயிடுங்க."

"அதுக்கு உன் முடிய வேண்டிக்கறது!"

"பொம்பளைங்க பூமுடிதான் குடுக்கலாம். இது பெரிய வேண்டுதலா இருக்கட்டும்னுதான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உருண்டுடுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்குப் போனேன். நான் ஒட்டிய அறிவிப்பு கதவில் அப்படியே இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே இடது சக்கரத்தருகிலிருந்து முதல்வர், கையில் புத்தம்புது கேஜோடு நிமிர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கடலூரில் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார்.

"ஒண்ணும் பயப்படாதம்மா. ஏழு மணிலேருந்து நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் செக் பண்றேன். மொதல்ல முப்பது காட்டுச்சு. இப்ப இருபத்தஞ்சு. லீக்கு இருக்கும்மா!"

அவருக்கு நான் விளக்கினேன். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்து, கேஜைத் தன் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

காற்று இருந்த ஒரே வண்டி மாணவர்களை ஏற்றிவரப் போயிருந்தது. ஒன்பதே முக்காலுக்கு வந்தது. மாணவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, டிரைவர் நேராக ஷெட்டுக்கு ஓட்டிவந்தார். மேலும் ஒரு தொட்டி போனது. ஹோஸை என்னிடமே கொடுத்தார், ராடை எடுக்கவில்லை. இந்த முறை முப்பதில் நிறுத்தவில்லை. இன்று யார் யார் அளப்பார்கள் என்று எண்ணினேன். ஆய்வாளர், அவரோடு வரும் இருவர், தாளாளர், கடைசி நிமிடத்தில் முதல்வர். ஐந்து பேர். ஐந்து அரை, இரண்டரை. முப்பத்திரண்டரை வைத்து மூடினேன்.

ஆய்வாளர் ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். விமானத்தின் பக்கமே போகவில்லை. மேசையில் உட்கார்ந்து நோட்டுகளைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். முப்பது. முப்பது. முப்பது. பத்தாவது நோட்டுக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி நோட்டில் நின்றார்.

"இங்க பதினொண்ணுன்னு எழுதி அடிச்சிருக்கு. யார் அடிக்கச் சொன்னது?"

முதல்வர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் பூந்தொட்டி தெரிந்தது. பிழையாக அளந்திருந்தாள், திருத்தினேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி நாக்கு நுனியில்தான் இருந்தது. ஷெட் மூலையில் அந்தப் பெண் மற்றவர்களோடு நின்றிருந்தாள்.

"நான்தான் சார். அவ அளந்ததுதான் சரி. மத்த நாப்பத்தொண்ணும் அளக்காம எழுதுனது. நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன்" என்றேன். பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னேன். புஸ்களின் எண்ணிக்கை, பத்தரை, வலது டயரில் செய்த சோதனை, என் பதிவேடு, எழுபது. காலையில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அதை முதல்வரே, "நானும் ஒரு பத்து தடவை பாத்தேன் சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆய்வாளர் நோட்டை மூடினார். "முப்பதுதான் வரணும்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்கு அளக்கறது?" என்று பொதுவாகக் கேட்டார். முன்வரிசைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி, கேஜ் குடுங்க."

டிபன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எலுமிச்சைச் சாத வாசனையோடு இருந்தது. அவர் இடது டயரை அளந்தார். பிறகு கூட வந்த இருவரும் அளந்தார்கள். தாளாளர் தனக்கும் தெரியும் என்று காட்டுவதற்காக, கேஜைத் தலைகீழாகப் பிடித்து அளந்தார். முதல்வர் சட்டைப் பையிலிருந்து தன் கையை எடுக்கவேயில்லை. ஐந்தில் ஒன்று மிச்சம் என்று நினைத்தேன். ஆய்வாளர் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முறைக்கும் குனிந்தார்.

"சார்," என்றேன், "போதும் சார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேஜைத் திருப்பிக் கொடுத்தார். "முப்பது," என்றார்.

தொட்டிகளை எடுத்தார்கள். எட்டு மாணவர்கள் இறக்கைக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, விமானம் நேராக நின்று, நேராக உருண்டு, வெயிலுக்கு வந்தது. சிவப்புக் கோடு ஒவ்வொரு சுற்றிலும் மேலே வந்து கீழே போனது, உடையவில்லை. எஞ்சின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்று, எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்: "ஒரு அம்பது வெச்சிருந்தா இன்னும் சும்மா அப்படிப் போயிருக்கும் மேடம்!"

அனுமதி ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. கூடவே ஒரு குறிப்பும் வந்தது: அந்தச் சோதனையை எல்லா மாணவர்களும் மறுபடி செய்ய வேண்டும், அளவு என்ன காட்டுகிறதோ அதை எழுத வேண்டும். செய்தார்கள். ஐந்து ஐந்து பேராக, ஒவ்வொரு குழுவும் அளந்து முடித்ததும் குறைந்ததை ஏற்றிவிட்டுப் போனார்கள். நாற்பத்திரண்டு நோட்டுகளிலும் வேறு வேறு எண்கள் இருந்தன. அவற்றைத் திருத்த எனக்கு மூன்று நாள் ஆனது. பதினொன்று இருந்த பக்கத்தில், அடித்த கோட்டுக்கு மேல் "பதினொன்றே சரி" என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டேன்.

இது 2012. துறை இருக்கிறது, அனுமதி இன்னும் வருடா வருடம்தான் வருகிறது, என் உத்தரவும் அப்படியே. அந்தப் பெண் படிப்பை முடித்துவிட்டாள். பெங்களூரில் விமானப் பராமரிப்பில் இருக்கிறாள். அப்பாவுக்கு முடி வளர்ந்துவிட்டது, முன்பக்கம் மட்டும் கொஞ்சம் நரைத்து. பதிவேட்டில் இப்போது வாரத்துக்கு ஒரு கட்டம், திங்கட்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன். இந்தத் திங்கட்கிழமை இடது டயர் முப்பது, வலது டயர் முப்பது, முன்சக்கரம் இருபத்தைந்தரை. அரைப் பவுண்டு ஏற்றியிருக்கிறேன்.